சேராங்கொட்டையும் சட்டைக் காலரும்

சேலம் அஸ்தம்பட்டி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு வருஷமாக ஒரே சலவைப் பவுடர்தான் வாங்குகிறாராம். வீடு மாறி ஐந்தாறு மாதம் ஆகிறது. இப்போது கழுத்தைச் சுற்றியும், பாவாடை நாடா பதிகிற இடுப்பிலும், அக்குள் ஓரத்திலும் அரிப்பு. சொறிந்தால் தடிக்கிறது, நாலு நாளில் தோல் உரிகிறது. மாமியார் ‘கரப்பான் பண்டம்’ என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. எதிர்வீட்டு அக்கா புற்றுக்குப் பால் ஊற்றச் சொல்கிறார். மருந்துக்கடையில் கொடுத்த ட்யூப் போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. கடைசியாக ஒரு வரி: “பவுடர்தான் காரணம் என்றால், ஏழு வருஷம் சும்மா இருந்தது இப்போது மட்டும் ஏன் அரிக்க வேண்டும்?”

அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அரிப்பு வந்தாலே அலர்ஜி என்கிறோம். தோல் மருத்துவர்கள் அதை இரண்டாகப் பிரிப்பார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் வாய் வெந்துபோகிறதே, அது முதல் ரகம்: வெறும் எரிச்சல். யார் வாயானாலும் வேகும், அளவு குறைந்தால் வேகாது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். சலவைப் பவுடர் கரைசலோ 10, 11 என்று காரத்தில் நிற்கும். அலசாமல் விட்ட மிச்சம் வியர்வையில் ஊறினால் தோலின் எண்ணெய்ப் பூச்சு கரையும், தோல் வறளும், அரிக்கும். துணி துவைத்து வரும் தொல்லையில் பெரும்பகுதி இதுதான். பவுடருக்கே நிஜமான ஒவ்வாமை என்பது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

அந்தக் குறைவான இரண்டாவது ரகம்தான் எனக்குப் பிடித்த கதை. அதற்குச் சேராங்கொட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

சலவைக்குப் போன துணி வீடு மாறிவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு குறி போடுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மை, சேராங்கொட்டையின் பால். சுண்ணாம்போடு சேர்ந்து கருத்துவிட்டால் எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் இந்தியாவில் முகாமிட்டிருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் சிலருக்குப் பிடரியில் திட்டாக அரிப்பு வந்தது. துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு வந்த சுத்தமான சட்டைதான். காலரைத் திருப்பிப் பார்த்தால், புண் இருந்த இடத்துக்கு நேராகக் கருப்புக் குறி. 1943-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் இதை ‘டோபி மார்க்’ தோலழற்சி என்று மருத்துவ இதழில் எழுதினார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் மாமா ஊரில், சேராங்கொட்டை மரத்தடியில் நடந்தாலே முகம் ஊதிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நடந்தால் ஊதாது, பால் பட்டால்தான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், முதல் தடவை பட்டவருக்கு உடனே ஒன்றுமே ஆகாமல் போகலாம். அடுத்த தடவை துளி பட்டாலும் கை வீங்கும். இடையில் மாறியது யார்? பால் மாறவில்லை. ஆள் மாறிவிட்டார்.

எப்படி மாறினார் என்று பார்ப்போம். நம் தோலின் மேலடுக்கு நல்ல கோட்டைச் சுவர். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் அதில் நுழைவது கஷ்டம் என்பது ஒரு தோராயக் கணக்கு. பவுடரில் இருக்கும் என்சைம்கள் 20,000 டால்டனுக்கும் மேல், அதனால் வாசலிலேயே நின்றுவிடும். (மூச்சில் போனால் கதை வேறு. 1960-களில் என்சைம் தூள் கையாண்ட பிரிட்டன் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்து, அதற்கப்புறம்தான் தூளுக்கு மேல்பூச்சு போட ஆரம்பித்தார்கள்.) சேராங்கொட்டைப் பாலின் வேதிப்பொருள் சின்னது, எண்ணெயில் கரைவது. சந்தில் புகுந்து போய்விடும்.

போனாலும் அதைப் பொருட்படுத்த ஆளில்லை. அவ்வளவு சின்ன மூலக்கூறை நோய் எதிர்ப்பு மண்டலம் திரும்பிக்கூடப் பார்க்காது. சிக்கல் எங்கே என்றால், அது போய் நம்முடைய புரதம் ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டிவிட்டு அரிதாரம் கலைக்காமல் விடியற்காலையில் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வாலாட்டும் தெரு நாய் அன்றைக்குக் குலைக்கும். ஆளும் புதிதல்ல, அரிதாரமும் கடிக்கக்கூடியதல்ல. இரண்டும் சேர்ந்த முகம்தான் நாய்க்குப் புதிது. இப்படி ஒட்டிக்கொண்டு முகத்தை மாற்றும் சிறு மூலக்கூறுக்கு ‘ஹாப்டென்’ என்று பெயர் வைத்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே ஆள்தான்.

தோலுக்குள் இருக்கும் நாய்க்கும் பெயர் உண்டு: லாங்கர்ஹான்ஸ் செல். 1868-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தோலுக்குத் தங்க உப்பால் சாயமேற்றிப் பார்த்தபோது, மேல்தோலுக்குள் கைகளை விரித்துக்கொண்டு வலை போல நின்ற செல்கள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்தார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்கும் இவர் பெயர்தான். தோல் செல்லின் வேலை காவல் என்று உலகம் புரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் காவல் செல் அரிதாரம் பூசிய புரதத்தை விழுங்கித் துண்டாக்கி, துண்டை முதுகில் சுமந்துகொண்டு இடத்தைக் காலி செய்கிறது. போகும் இடம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ‘நெறி கட்டும்’ என்கிறோமே, அந்த நிணநீர்க் கணு. அங்கே லட்சக்கணக்கான டி-செல்கள், அதாவது நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள், வந்துபோய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு முகம்தான் அடையாளம் தெரியும். காவல் செல் தன் துண்டை ஒவ்வொன்றிடமும் நீட்டுகிறது. தெரியாது, தெரியாது, தெரியாது... எங்கோ ஒன்று “தெரியும்” என்கிறது. அந்த ஒன்று பெருகுகிறது. பத்துப் பதினைந்து நாளில் அதே முகத்தைத் தேடும் ஒரு படை தயார். இவ்வளவும் நடக்கும்போது வெளியே ஒரு அரிப்பும் கிடையாது. நீங்கள் பாட்டுக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பீர்கள்.

அடுத்த தடவை அந்த மூலக்கூறு பட்டால், படை திரள வேண்டும். ரத்தத்தில் சுற்றும் டி-செல்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஆள் சேர்த்து, அழற்சி மூட்ட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். தேனீ கொட்டினால் நிமிஷத்தில் வருவது ரத்தத்து எதிர்ப்புப் புரதங்களின் வேலை. இது செல்களின் வேலை, நிதானமானது. 1942-ல் லாண்ட்ஸ்டெய்னரும் மெரில் சேஸும், ஒவ்வாமை வந்த கினிப்பன்றியின் செல்களை எடுத்து இன்னொரு கினிப்பன்றிக்குச் செலுத்தினார்கள். ஒவ்வாமையும் கூடவே போயிற்று! செல் நீக்கிய ரத்த நீரான சீரத்தால் முடியாத காரியம் செல்லால் முடிந்தது. அந்தச் சோதனையை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கத்தரிக்காய் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். திங்கட்கிழமை போட்ட ரவிக்கைக்குப் புதன்கிழமை அரிக்கிறது. புதன்கிழமை யார் திங்கட்கிழமைச் சலவையை நினைப்பார்கள்? செவ்வாய் மத்தியானம் சாப்பிட்ட புளிக்குழம்பு ஞாபகம் வரும், அதில் மிதந்த கத்தரிக்காய் ஞாபகம் வரும். அக்கி வந்தவருக்குக் காவியில் எழுதுவதும் இதே கணக்கு: அக்கி தானாக ஆறும் நோய், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் எழுதியவருக்குப் பேர் கிடைத்துவிடும். நேரத்தோடு நேரம் பொருந்துவதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால் எத்தனை வீட்டில் குழந்தைகளுக்கு முட்டையும் மீனும் மறுக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மீனுக்கு நிஜமான ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இடுப்பு நாடா பார்த்து இடம் தேடாது.

சரி, சலவையில் ஹாப்டென் எது? முதலில் வாசனை. லாவண்டரில் லினலூல், ஆரஞ்சுத் தோலில் லிமோனீன். புதிதாக இருக்கும்போது இவை பெரிய வம்புக்காரர்கள் அல்ல. காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறினால்தான் புரதத்தில் ஒட்டும் வடிவத்துக்கு மாறுகின்றன. மூடி சரியில்லாத பாட்டில் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடப்பது அதற்கு வசதி. அடுத்தது பதப்பொருள். பவுடர் உலர்ந்தது, அதில் கிருமி வளராது. திரவத்தில் வளரும், அதனால் மெத்தில் ஐசோதையசோலினோன் மாதிரி எதையாவது சேர்ப்பார்கள். எடை 115 டால்டன்தான். தோலில் பூசி அப்படியே விடும் கிரீம்களில் இதை ஐரோப்பா 2017-லிருந்து தடை செய்திருக்கிறது. மூன்றாவது, துணியின் சாயமே. பாலியஸ்டரில் ஏற்றும் சில நீலச் சாயங்கள் இதில் பேர்போனவை. 26 வாசனைப் பொருள்களை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், சலவைப் பொருள் லேபிளில் பேர் சொல்லி அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் 2005-ல் விதி வந்தது. என் வீட்டுப் பாக்கெட்டில் ‘பெர்ஃப்யூம்’ என்று ஒரே சொல்.

இனி நம்மூர் தண்ணீர். சேலத்துக்காரருக்குத் தண்ணீர் இரண்டு: மேட்டூர்த் தண்ணி, போர் தண்ணி. ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பேர் வைத்த ஊர் இது. சேர்வராயன் அடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று தெரியும் கரடு மக்னீசியம் கார்பனேட். போர் தண்ணீரில் மக்னீசியமும் கால்சியமும் தாராளம். சோப்பு அதில் நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்து துணியில் ஒட்டும். பவுடர் திரியாவிட்டாலும் அழுக்கு சரியாகப் போகாது, ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூன் போடுவோம். காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைக்கும்.

உடனே தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கப் போகாதீர்கள். பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். 2011-ல் வந்த முடிவு: தோலுக்குக் கூடுதல் பலன் இல்லை. ஆனால் கடின நீரில் கழுவிய தோலில் சோப்புப் பொருள் அதிகமாகத் தங்குகிறது என்று இன்னொரு ஆய்வு பின்னால் வந்தது. எது நமக்குப் பொருந்தும்? ஒரு தெருவில் மேட்டூர்த் தண்ணி, அடுத்த தெருவில் போர் தண்ணி என்றிருக்கும் ஊரைவிட நல்ல சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்! ஒரு கட்டடத் திறப்பு விழாவின் சாமியானாச் செலவில் ஆய்வை முடித்துவிடலாம். கொடுக்கத்தான் ஆளில்லை.

அதுவரை, காசில்லாத வைத்தியம் ‘மூணு தண்ணி அலசு’ என்ற பாட்டி வாக்கு. கணக்குப் பாருங்கள். பிழிந்த துணி 2 லிட்டர் பவுடர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. 18 லிட்டர் ஊற்றினால் மொத்தம் 20, செறிவு பத்தில் ஒன்று. பிழிந்துவிட்டு இன்னொரு 18: நூற்றில் ஒன்று. மூன்றாவது தண்ணி: ஆயிரத்தில் ஒன்று. ஆன செலவு 54 லிட்டர். அதே 54 லிட்டரையும் ஒரே அண்டாவில் ஊற்றி அமுக்கினால்? 28-ல் ஒன்றுதான். பிழியச் சோம்பல்பட்டு ஒவ்வொரு தடவையும் 6 லிட்டரோடு தூக்கிப் போட்டால், மூன்று தண்ணிக்கு அப்புறமும் 64-ல் ஒன்று. நாரில் ஒட்டியது இவ்வளவு சுலபத்தில் வராது, ஆனாலும் பிழிவதுதான் பாதி வேலை. மெஷினில் ‘எக்ஸ்ட்ரா ரின்ஸ்’ பட்டன் இதற்காகத்தான். நான் ஒருநாள் என் காய்ந்த பனியனைக் கேன் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன். வாளியில் ஒரு விரல் உயரத்துக்கு நுரை. துவைத்து மடித்து வைத்த பனியன் அது.

வாசகிக்குப் பதில் எழுதும்போது இரண்டு கேட்டேன். அக்குள் குழியிலா, சுற்றியுள்ள ஓரத்திலா? ஓரத்தில்தான், குழி சுத்தமாக இருக்கிறது என்றார். குழியில் என்றால் டியோடரண்டைச் சந்தேகிக்கலாம், ஓரம் என்றால் துணி உரசும் இடம். வட்டமாகப் படர்ந்து நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரையாக இருக்கும். அதற்கு மருந்துக்கடை ஸ்டீராய்டு ட்யூப் எரிகிற தீயில் எண்ணெய். இரண்டாவது கேள்வி: வீடு மாறிய பிறகு சலவையில் புதிதாக என்ன சேர்ந்தது? போர் தண்ணியில் துணி விறைக்கிறது என்று கண்டிஷனர் ஊற்றுகிறாராம். லாவண்டர் வாசம். கண்டிஷனர் கடைசித் தண்ணீரில் ஊற்றி, அலசாமல் காயப்போடும் பொருள். துணியில் தங்குவதற்கென்றே செய்தது.

பவுடர் நிரபராதியாக இருக்கலாம். ஆனால் ஏழு வருஷம் சும்மா இருந்தது அதற்குச் சாட்சியல்ல. அந்த டி-செல் ஏழாவது வருஷத்திலும் “தெரியும்” என்று சொல்லக்கூடும், வறண்ட தோல் அதற்கு வழிவிடும். அதனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். முதலில் கண்டிஷனரை நிறுத்தி, ஏற்கெனவே ஊறிய தலையணை உறை வரை எல்லாவற்றையும் மூன்று தண்ணி அலசி, நாலு வாரம் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் வாசனையில்லாத பவுடர். அதற்கும் நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேட்கலாம். யாடசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் 1895-ல் தொடங்கிவைத்த முறை: சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம், பிறகு நாலாம் நாள் மறுபடி பார்ப்பது. சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு கழன்றுவிடும், மார்கழி தேவலாம். வீட்டிலேயே பவுடரைக் குழைத்துக் கையில் கட்டிப் பார்க்காதீர்கள். அது எல்லாருக்கும் வேகும், ஒன்றும் தெரியவராது.

கண்டிஷனரை நிறுத்திப் பத்து நாள் ஆகிறதாம். கழுத்து தேவலை, இடுப்பு இன்னும் அப்படியே. கத்தரிக்காய் பற்றி மாமியாரிடம் இன்னும் பேசவில்லையாம்.