எரிதன்மை: பற்றுவது வேறு, எரிவது வேறு

எரிதன்மையைக் குறிக்கும் ‘ஃபிளேமபிலிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, சுடர் எனப் பொருள்படும் ‘ஃபிளம்மா’ என்ற லத்தீன் சொல்லே வேர். ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ எனப் பொருள்படும் ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் வடிவத்தில் உள்ள ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை அன்று. ஆயினும் அதைத் ‘தீப்பற்றாதது’ எனப் பிழையாகப் புரிந்துகொள்ள இடமிருந்ததால், 20-ஆம் நூற்றாண்டில் தீப் பாதுகாப்புத் துறையினர் அதே பொருளுடைய ‘ஃபிளேமபிள்’ என்பதையே வலியுறுத்தினர்.

தமிழில் அந்தக் குழப்பம் இல்லை, வேறொன்று உண்டு. ‘தீப்பற்றுதன்மை’, ‘எரிதன்மை’ ஆகிய இரண்டையும் ஒரே பொருளில் எழுதிவிடுகிறோம். காட்டுத் தாவரங்களைப் பொறுத்தவரை இது பெரும் பிழை. மார்ச் மாதத்து முதுமலையில் காய்ந்து நிற்கும் புல்லின் தாள், நெருப்புப் பட்டவுடன் சடசடவெனப் பிடித்துச் சில நொடிகளில் சாம்பலாகிவிடும். அதனருகே விழுந்து கிடக்கும் பருத்த அடிமரமோ அச்சுடருக்குப் பட்டை கருகுவதோடு தப்பிவிடலாம், ஆனால் உள்ளே கனல் ஏறிவிட்டால் நாட்கணக்கில் அடங்காது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய காய்ந்த புல்லும் சுள்ளியும் காற்றின் வறட்சிக்கேற்ப ஏறத்தாழ 1 மணி நேரத்திலேயே ஈரத்தை இழந்துவிடுவதும், பருத்த மரம் அவ்வாறு உலர வாரக்கணக்கில் ஆவதும் இதற்கு ஒரு காரணம்.

ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர் 1970-இல் தாவரங்கள் எரியும் தன்மையை மூன்றாகப் பிரித்தார்: எவ்வளவு எளிதில் பற்றுகிறது, எவ்வளவு வேகமாக எரிகிறது, எவ்வளவு நேரம் நின்று எரிகிறது. எவ்வளவு பொருள் எரிந்து தீர்கிறது என்பது பின்னர் நான்காவதாகச் சேர்ந்தது. ஆகவே முதற்கூற்றுக்கு மட்டும் ‘தீப்பற்றுதன்மை’ என்பதை ஒதுக்கி, நான்கையும் அடக்கும் பொதுச்சொல்லாக ‘எரிதன்மை’ என்பதைக் கொள்வதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

தைலமரத்தின் இலையில் எண்ணெயும், உத்தராகண்டின் ‘சீர் பைன்’ மரத்து ஊசியிலையில் பிசினும் இருப்பதால் அவை தீயை வளர்க்கின்றன. நீலகிரியிலோ புல்வெளியில் ஓடிவரும் தீ சோலைக்காட்டின் விளிம்பில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அங்கே நிழலும் ஈர மண்ணும் சருகை உலரவிடுவதில்லை. எண்ணெயையும் பிசினையும் எவ்வளவு பேசினாலும், ஈரமே முதலில் பார்க்க வேண்டியது.

உலர்ந்துபோன நிலையைக் குறிக்கச் சங்கப் பாடல்களில் ‘முளி’ என்னும் சொல் வழங்குகிறது. காய்ந்து தீக்கு இரையாகும் பதத்தில் நிற்கும் புல்லுக்குக் கலைச்சொல் தேடுவோர், ‘முளிபுல்’ என்றே எழுதலாம்.