வெட்டரன்: மூத்தவரா, முன்னாளா?

போர் அறிவியல் புனைகதைகளைத் தமிழாக்குபவர்களை அதிகம் சறுக்கவைக்கும் ஆங்கிலச் சொல் ‘வெட்டரன்’ (veteran). இலத்தீனில் ‘வெட்டுஸ்’ என்றால் பழையது. அதில் பிறந்த ‘வெட்டெரானுஸ்’, நெடுங்காலம் படையில் உழைத்தவன். உரோமில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் காசும் இருந்தது. கி.பி. 5-இல் லீஜியன் என்ற உரோமப் படைப்பிரிவு வீரனின் சேவை 20 ஆண்டு என்றும், முடித்தால் 12,000 செஸ்டர்ஸ் நாணயம் என்றும் பேரரசர் அகஸ்டஸ் வரையறுத்தார். கொடுக்கப் பணம் வேண்டுமே? மறு ஆண்டே தனிப் படைக்கருவூலம் வந்தது.

தமிழில் அரசு வழக்கு ‘முன்னாள் படைவீரர்’. குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பேச்சில் ‘எக்ஸ் மிலிட்டரி’. ஆனால் படையை விட்டு வந்த எல்லாரும் விதிப்படி முன்னாள் படைவீரர் ஆகிவிட மாட்டார்கள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டு சேவை வேண்டும். இடையில் தாமாக விலகி, ஓய்வூதியமின்றி வந்தவருக்கு அந்தத் தகுதி இல்லை. படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விலகிய காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

‘முன்னாள்’ பொருந்தாத இடமும் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் இறக்கும்வரை அதன் தளபதி. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அவர் வெட்டரன்தான், ஆனால் ஒருநாளும் முன்னாள் அல்லர். அங்கே ‘மூத்த படைவீரர்’ என்பதே சரி.

உடலுக்குள் கருவி பொருத்திய வீரனைப் பற்றிய கதையில் சிக்கல் முற்றுகிறது. அவனைத் ‘திறனேற்றிய வீரர்’ எனலாம். ‘அதிமனிதன்’ வேண்டாம், அது சினிமா வாடை. சேவை முடிந்தாலும் கருவி முடிவதில்லை. மூளையில் பதித்த மின்முனையைச் சுற்றி நாளடைவில் தழும்புத் திசு படிந்து சமிக்ஞை மங்கும். எலும்பில் பதித்த டைட்டானியத் தண்டு தோலைத் துளைத்து வெளிவரும் இடம் நோய்த்தொற்றின் வாசல். மின்கலம் தீர்ந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டும். இது கற்பனை மட்டுமல்ல: ஒரு செயற்கை விழித்திரைக் கருவியின் தயாரிப்பு 2019-இல் கைவிடப்பட்டது, பொருத்திக்கொண்டவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாமல் நின்றார்கள்.

ஆகவே கதையில் ஓய்வூதிய அலுவலகம் பேசினால் ‘முன்னாள் படைவீரர்’, பழைய தோழன் பேசினால் ‘மூத்தவர்’. ‘ஓய்வுபெற்றவர்’ மட்டும் வேண்டாம். முதுகெலும்பில் கருவி ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு ஓய்வு ஏது?