720720: சோழியும் சங்கும் சொல்லும் கணக்கு

பாம்பனிலிருந்து மீனவ வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வண்டிக்கு நம்பர் வாங்கப் போகிறேன். கூட்டுத்தொகை 9 வந்தால் நல்லது, 8 ஆகாது என்கிறார்கள். கணக்கில் இதற்கு அர்த்தம் உண்டா?"

ஒரே ஒரு அர்த்தம் உண்டு. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது, அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. 9 என்று நின்றால் மீதியே இல்லை. அவ்வளவுதான். இதற்காகக் கூடுதல் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அந்தக் காசுக்கு நல்ல வலை வாங்கலாம்.

எண்ணின் குணம் தெரிய அதை உடைத்துப் பார்க்க வேண்டும். 720720-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் கூட்டுத்தொகையும் 9-தான், ஆனால் இதன் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. மீன் விற்ற காசைக் கரையில் பங்கு போடும்போது ஒரு நாள் ஐந்து பங்கு, ஒரு நாள் ஏழு. ஏழு வந்தாலே சில்லறை இடிக்கும். கையில் 720720 ரூபாய் இருந்தால், 1 முதல் 16 வரை எத்தனை பங்கு போட்டாலும் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. அப்படிப்பட்ட எண்களில் இதுதான் ஆகச் சிறியது.

பகா எண்களாக உடைத்தால் நான்கு 2, இரண்டு 3, அப்புறம் 5, 7, 11, 13 ஒவ்வொன்று. 7×11×13 = 1001; மற்றவை சேர்ந்து 720. 720 இரண்டு முறை வருவது அதனால்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம். அரியமான் கடற்கரையில் பொறுக்கியதாக நான்கு சோழி, இரண்டு சங்கு, வெவ்வேறு வகைச் சிப்பி நான்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோழிக்கும் மதிப்பு 2, ஒவ்வொரு சங்குக்கும் 3, சிப்பிகளுக்கு முறையே 5, 7, 11, 13. இதிலிருந்து ஒரு கை அள்ளி மதிப்புகளைப் பெருக்கினால் அது ஒரு வகுத்தி, அதாவது 720720-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண். மூன்று சோழியும் 5-இன் சிப்பியும் வந்தால் 8×5 = 40. வெறுங்கை என்றால் 1. சோழி எதுவும் எடுக்காமலோ, ஒன்று முதல் நான்கு வரை எடுத்தோ ஐந்து வழி. சங்கில் மூன்று வழி. சிப்பி ஒவ்வொன்றிலும் எடுப்பது, விடுவது என இரண்டு வழி. 5×3×2×2×2×2 = 240 வகுத்திகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இப்படி வகுத்திகளின் எண்ணிக்கையில் முந்தைய எண்களையெல்லாம் மிஞ்சுகிறவை உயர் பகு எண்கள். ராமானுஜன் 1915-இல் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. இந்த எண்களில் சிறிய பகா எண்ணைவிடப் பெரியது அதிகத் தடவை வராது என்று அதில் காட்டினார். சோழியைவிடச் சங்கு அதிகம் இருக்காது, சங்கைவிட எந்த ஒரு வகைச் சிப்பியும் அதிகம் இருக்காது.

சரி, பதினேழாவது பங்கு வந்தால்? 720720-இல் 5 ரூபாய் மிஞ்சும். 17-ஆல் பெருக்கினால் 12252240, வகுத்திகள் இரு மடங்காகி 480. ஆனால் இது உயர் பகு எண் இல்லை! புதுச் சிப்பி தேடாமல் இன்னொரு சங்கும் இன்னொரு 5-இன் சிப்பியும் சேர்த்துப் பாருங்கள். சங்கில் மூன்று வழி நான்காகும், அந்தச் சிப்பியில் இரண்டு மூன்றாகும். அதே 480. பெருக்கியது 15-ஆல் மட்டும்: 10810800.