பொருக்குக்கு முன் என்ன இருந்தது?

நாயின் அடிவயிற்றில் வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. வட்டத்தின் விளிம்பில் தோல் மெல்லிசாக உரிந்து நிற்கிறது. பார்த்தவுடனே படர்தாமரை என்று முடிவுகட்டிப் பூஞ்சைக் களிம்பு தடவுகிறவர்கள் ஏராளம். கால்நடை மருத்துவரோ அந்த வட்டத்தோடு நிற்கமாட்டார். அதைச் சுற்றிலும் முடியை விலக்கி, புதிதாக முளைத்த பரு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்.

அவர் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. நோய் நேரடியாகத் தோலில் உண்டாக்கும் மாற்றங்களை முதல்நிலை என்றும், அவை உடைந்தோ, சொறிபட்டோ, நாள்பட்டோ மாறிய வடிவங்களை இரண்டாம்நிலை என்றும் தோல் மருத்துவம் பிரிக்கிறது. மேடில்லாமல் நிறம் மட்டும் மாறினால் புள்ளி. கெட்டியாகச் சிறிதாக எழும்பினால் பரு. தோலுக்குள் ஆழமாகத் திரண்டால் கழலை. தெளிந்த நீர் கோத்தால் கொப்புளம். சீழ் கோத்தால் சீழ்க்கொப்புளம். இவை முதல்நிலை. செதில், பொருக்கு, கீறல், தழும்பு ஆகியவை பின்னால் வருபவை. பொருக்கு என்பது உலர்ந்த நீரும் சீழும் இரத்தமும்தான். எந்த நோயிலும் அது உருவாகலாம்.

நாய்களிடம் இந்தத் தேடல் கடினமானது. முடி அடர்ந்த இடங்களில் அவற்றின் மேல்தோலில் உயிருள்ள செல் அடுக்குகள் மூன்று முதல் ஐந்து வரைதான். அதனால் சீழ்க்கொப்புளத்தின் கூரை மிக மெல்லியது. நக்கினாலோ உரசினாலோ உடைந்துவிடும். உடைந்த கூரையின் எச்சம்தான் விளிம்பில் வட்டமாக உரிந்து நிற்கும் அந்தத் தோல். நாய்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பூஞ்சை அல்ல, ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியா. பூஞ்சைக் களிம்பு அதற்கான மருந்து அல்ல.

உடையாத சீழ்க்கொப்புளம் ஒன்று கிடைத்துவிட்டால் அது பெரும் பேறு. அதன் சீழை கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கலாம். வெள்ளணுக்களுக்குள்ளே பாக்டீரியா தெரிந்தால் தொற்று. பாக்டீரியா இல்லாமல், ஒன்றையொன்று விட்டுப் பிரிந்த உருண்டையான மேல்தோல் செல்கள் மிதந்தால் பெம்ஃபிகஸ் என்னும் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதில் உடலின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலமே செல்களை ஒட்டவைக்கும் புரதங்களைத் தாக்குகிறது. முன்னதற்குக் கிருமியை ஒழிக்க வேண்டும், பின்னதற்கு நோயெதிர்ப்பை அடக்க வேண்டும். வெளியே தெரியும் பொருக்கை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போகும் முன் நாயைக் குளிப்பாட்டி, பொருக்கையெல்லாம் தேய்த்தெடுத்துச் சுத்தமாகக் கொண்டுபோவது இதனால்தான் தவறு. அன்பினால் செய்வதுதான், ஆனால் தடயங்கள் போய்விடுகின்றன. புதுப் பரு தென்பட்ட அன்றே கைபேசியில் படமெடுத்து வைப்பது மிகவும் உதவும்.

கறுத்து, தடித்து, யானைத் தோல்போல மடிப்புகள் ஆழமாகிவிட்ட பகுதி ஒரு செய்தியைத்தான் சொல்லும்: அரிப்பு வெகுநாளாக இருக்கிறது. ஒவ்வாமையா, உண்ணியா, ஈஸ்ட் என்னும் பூஞ்சையா என்று அது சொல்லாது.

மாடுகளிலும் இதே கணக்குதான். கோமாரியில் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் எழுவது நீர்க்கொப்புளம். நாக்கில் அது சீக்கிரமே உடைந்து, சிவந்த புண்ணாக மட்டும் எஞ்சும். தோல் கழலை நோயில் உடலெங்கும் தோன்றுபவை கெட்டியான கழலைகள், பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. வரை. இரண்டும் வைரஸ் நோய்கள், இரண்டிலும் காய்ச்சல் உண்டு. ஆனாலும் முதல்நிலை மாற்றத்தைக் கண்டவருக்குக் குழப்பம் வராது.

சிவந்த புள்ளிகளுக்கு மட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டை அவற்றின்மேல் அழுத்த வேண்டும். சிவப்பு வெளுத்தால் இரத்தம் நாளங்களுக்குள்ளேயே இருக்கிறது, அது வெறும் அழற்சி. வெளுக்காவிட்டால் இரத்தம் நாளத்தை விட்டு வெளியே கசிந்திருக்கிறது. அப்போது களிம்பை ஒதுக்கிவைத்துவிட்டு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை அன்றே பார்த்துவிட வேண்டும்.