நாட்டிணை: ஸ்னூக்கர் உலகக் கோப்பையைத் தமிழில் சொல்ல

ஸ்னூக்கர், மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் விழவைக்கும் ஆட்டம். "ஸ்னூக்கர் உலகக் கோப்பை" என்று தமிழில் ஒரு தலைப்பைப் படித்தால், எந்தப் போட்டி என்று உடனே சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், குரூசிபிள் அரங்கில் 1977 முதல் நடந்துவரும் உலக சாம்பியன்ஷிப்பையும் சிலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். அது தனியாள் போட்டி. உலகக் கோப்பை வேறு. அதில் நாட்டின் பெயரில் இருவர் சேர்ந்து ஆடுவார்கள்; ஸ்கோர்போர்டில் ஆளின் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயர்தான் நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தமிழில் சொல் இருக்கிறது. அதைத் துல்லியமாகப் பிடிக்க, பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்னூக்கர்

இந்தச் சொல் முதலில் ஒரு ஆளைக் குறித்தது. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவனை, அதாவது ஒன்றும் தெரியாத புதியவனை, "ஸ்னூக்கர்" என்று அழைப்பது வழக்கம். 1875இல் ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லின், பிரமிட்ஸ் ஆட்டத்தின் 15 சிவப்புப் பந்துகளோடு பிளாக் பூல் ஆட்டத்தின் வண்ணப் பந்துகளையும் ஒரே மேசையில் வைத்து ஆடிப் பார்த்தார். வுல்விச்சில் படித்த ஓர் அதிகாரி பேச்சோடு பேச்சாக இந்தச் சொல்லைச் சொல்ல, எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரை சேம்பர்லின் அதே சொல்லால் அழைத்தார். இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே என்று அந்த ஆளைச் சமாதானப்படுத்தியதில், சொல் ஆட்டத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. 1938இல் அவரே எழுதிய கடிதத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் வரலாறு இது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். இருவரையும் ஒன்றாக்கி எழுதும் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது.

நமக்கு நெருக்கமான பகுதி அடுத்து வருகிறது. ஆப்கன் போரில் காயமடைந்த சேம்பர்லின், பிறகு மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் பணியாளர் குழுவில் சேர்ந்தார். கோடையில் படைத் தலைமை ஊட்டிக்கு ஏறிவிடும். 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில்தான் ஆட்டத்தின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டன. ஜபல்பூரில் பிறந்த ஆட்டம் நீலகிரியில் சட்டம் பெற்றது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆட்டத்துக்குள் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. வெள்ளைப் பந்து பழுப்புப் பந்தின் முதுகோடு முதுகாக நிற்கிறது என்று வையுங்கள். நீங்கள் அடித்தாக வேண்டியது சிவப்பு. வெள்ளையை நேர்கோட்டில் விட்டால் ஒரு சிவப்பின் இரண்டு ஓரங்களையும் தொட முடிகிறதா? முடிந்தால் அது ஸ்னூக்கர் ஆகாது. ஒரு சிவப்பைக்கூட அப்படித் தொட முடியாமல், அடிக்கக் கூடாத பந்து முழுதாகவோ பாதியாகவோ வழியை மறித்தால்தான் ஸ்னூக்கர். இதை "மறைப்பு" என்று எழுதுவோர் உண்டு. ஆனால் மறைப்பு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது. இங்கே பந்து பாதி தெரியவும் செய்யலாம், வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆகவே "மறிப்பு" என்பதே பொருத்தம்: "மறித்து வைத்தான்", "மறிப்பிலிருந்து மீண்டான்". ஆட்டத்தின் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அது ஆள் பெயராக இருந்து ஆட்டப் பெயரானது; அதன் பொருளைத் தமிழாக்கினால் "கற்றுக்குட்டி ஆட்டம்" என்றுதான் வரும். "கோற்பந்தாட்டம்" என்று எழுதினால் பில்லியர்ட்ஸ், பூல், ஸ்னூக்கர் மூன்றும் அதில் அடங்கிவிடும். குடும்பப் பெயராக அதை வைத்துக்கொள்வது நல்லது.

உலகக் கோப்பையா, கிண்ணமா

இரண்டும் சரி. தமிழ்நாட்டில் கோப்பை, இலங்கையில் "உலகக் கிண்ணம்". கோப்பை போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லான ஒன்று, ஜன்னலும் அலமாரியும் போல. எந்த ஊர் வாசகருக்கு எழுதுகிறோமோ அந்த ஊர்ச் சொல்லை எழுதினால் போதும். "சாம்பியன்ஷிப்" என்ற தனியாள் பட்டத்துக்கு மட்டும் இவற்றைப் பயன்படுத்தாமல் விட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நாடு

இந்தப் போட்டியில் நாடு என்றால் ஐ.நா. உறுப்பு நாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979இல் பர்மிங்காமில் முதல் போட்டி நடந்தபோது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து தனித்தனி அணிகளாக ஆடின. அப்போது அணிக்கு மூவர். ரே ரியர்டன், டெர்ரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய் அடங்கிய வேல்ஸ், இறுதியில் இங்கிலாந்தை 14-3 என்று நொறுக்கியது. 1985 முதல் 1987 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற அயர்லாந்து அணியில் வட அயர்லாந்தின் அலெக்ஸ் ஹிக்கின்ஸும் டென்னிஸ் டெய்லரும் இருந்தார்கள். மூன்றாமவரான யூஜின் ஹியூஸ் அயர்லாந்துக் குடியரசுக்காரர். எல்லைக்கு இரு பக்கமும் உள்ளவர்கள் ஒரே அணியில். 1989 இறுதிக்கு வந்து இங்கிலாந்திடம் 8-9 என்று தோற்ற அணியின் பெயரோ "உலகின் மற்ற நாடுகள்".

இதற்கு "தேசம்", "தேசிய அணி" என்ற சொற்கள் இறுக்கமாக இருக்கின்றன. "நாடு" இயல்பாக உட்காருகிறது. நம் மொழியில் நாடு என்பது அரசின் எல்லையை மட்டும் குறிப்பதில்லை: சோழநாடு, கொங்குநாடு, தமிழ்நாடு எல்லாம் நாடுதான். வேல்ஸையும் ஸ்காட்லாந்தையும் நாடு என்று சொல்ல ஆங்கிலேயருக்கு விளக்கம் தேவைப்படலாம், தமிழருக்குத் தேவையில்லை.

போட்டியை நடத்தும் நாட்டுக்கு இரண்டு அணிகள் கிடைப்பதும் உண்டு. சீனாவின் வூசியில் 2015இல் கோப்பையை வென்றது சீனாவின் பி அணி. 15 வயது யான் பிங்தாவும் 17 வயது சோ யுவெலாங்கும் இறுதியில் ஜான் ஹிக்கின்ஸ், ஸ்டீஃபன் மகுவயர் ஆடிய ஸ்காட்லாந்தை 4-1 என்று வென்றார்கள். "சீனா வென்றது" என்று மட்டும் எழுதினால் ஏ அணியா பி அணியா என்று தெரியாது. எழுத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அணி, ஜோடி, இரட்டையர், இணை

சொல் விளக்கத்தின் முக்கியமான முடிச்சு இங்கேதான். 1996இல் பாங்காக்கில் ஸ்காட்லாந்து வென்றதோடு மூவர் அணிக் காலம் முடிந்தது. 2011இல் அதே பாங்காக்கில் போட்டி மறுபடி தொடங்கியபோது அணிக்கு இருவர் என்றானது. அதன்பின் இதை "உலக இரட்டையர் போட்டி" என்று எழுதும் வழக்கம் தலைகாட்டியது. டென்னிஸ், பேட்மின்டன் எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பு. இருந்தாலும் பிழை. காரணம் இரண்டு.

முதலாவது, உலக இரட்டையர் சாம்பியன்ஷிப் என்றே வேறொரு போட்டி 1982 முதல் 1987 வரை நடந்தது. அதில் நாடு பார்ப்பதில்லை. யாரும் யாரோடும் சேரலாம். ஸ்டீவ் டேவிஸ், டோனி மியோ இருவரும் சேர்ந்து அதை நான்கு முறை வென்றார்கள். 1984இல் வட அயர்லாந்தின் அலெக்ஸ் ஹிக்கின்ஸும் இங்கிலாந்தின் ஜிம்மி ஒயிட்டும் கூட்டாக வென்றார்கள். உலகக் கோப்பையில் இப்படிச் சேர முடியாது. இரண்டாவது, உலகக் கோப்பையின் ஒரு மோதலில் பெரும்பாலான ஃபிரேம்கள், அதாவது பந்துகளை அடுக்கி ஆடித் தீர்க்கும் தனித்தனி ஆட்டங்கள், ஒற்றையர் ஆட்டம். குழுச் சுற்றில் ஐந்து ஃபிரேம்: முதலில் இரண்டு ஒற்றையர், நடுவில் ஒரு இரட்டையர், பிறகு எதிராளிகளை மாற்றி மறுபடி இரண்டு ஒற்றையர். ஐந்தில் ஒன்றின் பெயரை முழுப் போட்டிக்கும் சூட்டுவது எப்படிச் சரியாகும்?

"இரட்டையர்" என்ற சொல்லுக்கு உரிய இடம் அந்த நடு ஃபிரேம். தமிழில் அந்தச் சொல்லின் ஆழமும் அதற்கே பொருந்துகிறது. இரட்டைப் புலவர்களில் ஒருவர் வெண்பாவின் முன்பாதியைத் தொடங்க, மற்றவர் பின்பாதியை முடித்தார் என்பது மரபு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது, அதுதான் இரட்டையர் ஆட்டம்.

"ஜோடி" பேச்சில் இருக்கட்டும். வடக்கிலிருந்து வந்து நன்றாக ஒட்டிக்கொண்ட சொல். "அணி" வரிசை, படை, அழகு என்று பல பொருள் தாங்குவது. பதினொருவருக்கும் அணி, இருவருக்கும் அணி, ஆகவே எண்ணிக்கையைச் சொல்லாது. "இணை" இரண்டு என்பதையும் சொல்கிறது, சேர்ந்தது என்பதையும் சொல்கிறது. பக்திப் பாடல்களின் "இணையடி" இரண்டு திருவடிகள்தானே. நாட்டின் பெயரில் சேர்ந்த இருவர் என்பதற்கு நாடு, இணை இரண்டையும் கூட்டி "நாட்டிணை" என்று சொல்லலாம். போட்டி "நாட்டிணைப் போட்டி", ஆடுவோர் "நாட்டிணையர்". முழுப் பெயராக எழுதும்போது "ஸ்னூக்கர் உலகக் கோப்பை நாட்டிணைப் போட்டி". 1979 முதல் 1996 வரை நடந்தவற்றுக்கு மட்டும் "நாட்டணிப் போட்டி" என்று எழுத வேண்டும், அவை மூவர் ஆடியவை.

இதே சொல் இந்தியாவுக்கும் உதவும். 2018இல் தோஹாவில் பங்கஜ் அத்வானியும் மனன் சந்திராவும் பாகிஸ்தானை 3-2 என்று வென்று பெற்றது சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பின் அணி உலகக் கோப்பை. அதுவும் நாட்டிணைதான், ஆனால் நடத்தும் அமைப்பு வேறு. அமைப்பின் பெயரைச் சேர்க்காவிட்டால் வூசியில் நடந்ததோடு கலந்துவிடும்.

இரட்டையர் ஃபிரேமில் முறை

நால்வர் ஆட்டத்துக்கு விதிப்புத்தகம் சொல்லும் வரிசை எளிது, குழம்புவதும் எளிது. குமார், மணி ஓர் இணை. சலீம், ஜோசப் எதிரிணை என்று வைப்போம். குமார், சலீம், மணி, ஜோசப் என்று வரிசை தொடங்கினால் அந்த ஃபிரேம் முடியும்வரை அதுவே வரிசை. அடுத்த ஃபிரேமில் மாற்றலாம். தன் முறைக்கு வந்தவர் பந்து விழ விழ ஆடிக்கொண்டே போகலாம். அடிக்கு ஒருவர் என்று மாறி மாறி ஆடுவது ஸ்காட்ச் இரட்டையர் எனும் தனி வகை. அதை இதோடு சேர்க்கக் கூடாது.

சலீம் ஆடி முடித்ததும் மணி எழ வேண்டிய இடத்தில் குமார் எழுந்து அடித்துவிட்டால் ஃபௌல், குறைந்தது 4 புள்ளி எதிரிணைக்கு. எதிரிணை "திரும்ப ஆடு" என்று கேட்டால் ஆட வேண்டியவர் தவறு செய்த குமாரே. அதன்பின் ஜோசப். மணியின் முறை போயே போய்விடும். ஒருவர் அவசரத்துக்கு மற்றவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேரம் இரட்டையரில் எதிரெதிரே உட்கார்ந்து வாய் திறக்காமல் ஆடிப் பழகியவர்களுக்கு இன்னொன்று வியப்பாக இருக்கும்: ஸ்னூக்கரில் இணையர் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஆடுபவர் மேசைக்கு வந்துவிட்டால் பேச்சு நிற்க வேண்டும். அவர் முதல் அடியை அடித்த பிறகு முறை முடியும்வரை யோசனை சொல்லக் கூடாது. புள்ளிகள் சமமாகி கறுப்புப் பந்தை மறுபடி வைக்கும்போது, முதலில் அடிக்கும் இணை தங்களில் யார் என்று தேர்ந்துகொள்ளலாம். அதன்பின் பழைய வரிசை.

ஃபிரேமும் பிரேக்கும் புள்ளியும்

"ஃபிரேம்" என்பது சிவப்புப் பந்துகளை அடுக்கும் முக்கோணச் சட்டத்தின் பெயர். அடுக்கி ஆடித் தீர்க்கும் ஒரு ஆட்டத்துக்கும் அதுவே பெயரானது. தமிழில் "சுற்று" என்று எழுதினால் காலிறுதிச் சுற்றோடு மோதும், ஆகவே "ஃபிரேம்" அல்லது "ஆட்டம்". "பிரேக்" இரண்டு பொருளில் வரும். முக்கோணத்தை உடைக்கும் முதல் அடி "தொடக்க அடி". ஒரே முறையில் சேர்த்த புள்ளி "தொடர்". "147 தொடர்" என்றால் தெளிவு, "147 பிரேக் அடித்தார்" என்பதில் அந்தத் தெளிவு இல்லை.

குழுச் சுற்றின் முடிவை எழுதும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். 2015இல் 24 அணிகள், ஆறு அணிகள் கொண்ட நான்கு குழுக்கள். குழுவில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் காலிறுதிக்கு. 3-0 என்று முந்திவிட்டாலும் மீதி இரண்டு ஃபிரேமும் ஆடியே ஆக வேண்டும், ஏனென்றால் தரவரிசை வென்ற ஃபிரேம்களின் கூட்டுத்தொகையில் நிற்கிறது. ஐந்து மோதலையும் 3-2 என்று வென்ற அணிக்கு 15. மூன்றை 5-0 என்று வென்று இரண்டில் 2-3 என்று தோற்ற அணிக்கு 19. எல்லாவற்றையும் வென்ற அணி கீழே, இரண்டில் தோற்றது மேலே. அட்டவணையில் "வெற்றி" என்ற பத்தியை மட்டும் போட்டு "ஃபிரேம்" பத்தியை விட்டால் வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். காலிறுதி முதல் கணக்கு மாறும்: முந்தி 4 ஃபிரேம் எடுப்பவர் வெற்றி, மீதியை ஆடுவதில்லை. 2017 இறுதியில் 1-3 என்று பின்தங்கிய டிங் ஜுன்ஹுயி, லியாங் வென்போ இணை இங்கிலாந்தின் ஜட் டிரம்ப், பாரி ஹாக்கின்ஸ் இணையை 4-3 என்று வென்றது. செய்தியில் அதை இப்படி எழுதலாம்: "ஸ்னூக்கர் உலகக் கோப்பை: 7 ஃபிரேம் இறுதியில் சீன ஏ இணை 4-3 வெற்றி."