நாற்பது பெட்டித் தக்காளிக்கு ஒன்றரை டன் வண்டியா?

போன மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிய கையோடு ஒரு பிக்கப் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஒன்றரை டன் ஏற்றும் டீசல் வண்டி. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஓட்டி வந்த தம்பி கள்ளிமந்தையம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். "அண்ணே, மஞ்ச லைட்டு அணையவே மாட்டேங்குது. நாலு நாளா வண்டி இழுக்கவும் இல்ல" என்றான்.

டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. ஓடுகிற வண்டியில் ஆயில் குறையும். கூடினால் வேறு ஏதோ அதில் கலக்கிறது என்று பொருள். மோந்து பார்த்தேன், டீசல் வாடை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையிலுள்ள கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்காது, அந்த மஞ்சள் விளக்கும் எரியும். அதற்கு உள்ளே கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு தேவை. கொஞ்ச நேரமாவது நிற்காமல், ஒரே சீராக ஓடினால்தான் அந்தச் சூடு நிலைக்கும். சூடேற்றுவதற்காக என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். பாதியில் வண்டியை நிறுத்தினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேர்ந்துவிடும். இந்தத் தம்பியின் தோட்டத்திலிருந்து மார்க்கெட் 9 கி.மீ. வண்டி சூடாவதற்குள் மண்டி வந்துவிடும், நிறுத்திவிடுவான். பதினான்கு மாதமும் இதேதான் நடந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடவேண்டிய வண்டியைக் காட்டுக்கும் கமிஷன் கடைக்கும் ஓட்டியிருக்கிறான்.

"தினம் எத்தனை பெட்டி ஏத்துற?"

"நாப்பதுண்ணே. நல்லா காய்க்கிறப்ப எழுவது, எம்பது போகும்."

"அது மாசத்துல எத்தனை நாளு?"

கொஞ்சம் யோசித்தான். "நாலஞ்சு நாளு இருக்கும்."

மறுநாள் லோடோடு வரச்சொல்லி, பக்கத்து எடைமேடைக்குக் கூட்டிப்போனேன். லோடோடு ஒரு எடை, இறக்கிய பிறகு ஒரு எடை. வித்தியாசம் 620 கிலோ. 14 கிலோ பெட்டி நாற்பது என்றால் தக்காளி 560 கிலோ, மீதி பிளாஸ்டிக் பெட்டிகளின் எடை. ஒன்றரை டன் வண்டியில் பாதிப் பாரம்கூட இல்லை. அந்தச் சீட்டை அவன் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி வேலையில் எனக்கு இது இருபத்து நான்காவது வருடம். கடந்த நாலைந்து வருடமாக வாரத்துக்கு ஒருவராவது இதே நிலைமையில் வருகிறார்கள். வண்டியில் குறை இருக்காது. தொழிலின் அளவுக்கு வண்டி பெரிதாகிப் போயிருக்கும். இதைப் பட்டறையில் தனித்தனியாகச் சொல்வதைவிட, வாங்குவதற்கு முன்னால் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தபோது நான் பட்டறையில் கையாள். அதுவரை எங்கள் ஊரில் சின்ன லோடுக்கு மூன்று சக்கர வண்டி, அதை விட்டால் பழைய மெட்டடார், அதற்கு மேல் லாரி. நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம், இரண்டேகால் லட்ச ரூபாய் சுமாருக்கு விலை. வட இந்தியாவில் 'சோட்டா ஹாத்தி' என்றார்கள், நம் ஊரில் குட்டி யானை. அதன் நீளம் 3.8 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். மார்க்கெட் சந்துக்குள் எதிரே மாட்டு வண்டி வந்தாலும் ஒதுங்கி வழிவிட முடிந்த முதல் நாலு சக்கர லோடு வண்டி அது. பாடி தாழ்வாக இருந்ததால் பெண்கள் கீழே நின்றபடியே கீரைக் கட்டை எடுத்து வைப்பார்கள்; மேலே ஏறி வாங்கிவைக்கத் தனி ஆள் வேண்டியதில்லை.

அந்த வண்டியை வடிவமைக்கும்போது டாடா மோட்டார்ஸின் கிரீஷ் வாக் தலைமையிலான குழு மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் போய்ப் பேசியதாக ஒரு செய்தி உண்டு. நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னாராம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. உழைக்கிறவனுக்கு மரியாதை வேண்டும்தான். ஆனால் இருபது வருடம் கழித்து அதே மரியாதைதான் எங்கள் பிள்ளைகளைக் குட்டி யானையிலிருந்து இறக்கிப் பெரிய பிக்கப்பில் ஏற்றுகிறது. "சின்ன வண்டியை எடுத்துட்டுப் போனா மண்டியில மதிக்க மாட்டாங்கண்ணே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மண்டியில் மதிப்பு சரக்கின் தரத்துக்கு. கமிஷன் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காயைத்தான் பார்க்கிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பெரிய பிக்கப்புக்கு 9 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் மாத டியூ சுமார் 23,700 ரூபாய். சின்ன வண்டிக்கு 4 லட்சம் கடன் என்றால் அதே வட்டியில் சுமார் 10,530. வித்தியாசம் மாதம் பதிமூவாயிரத்துக்கு மேல். எரிபொருளில் பெரிய மிச்சம் வராது. சின்னது பெட்ரோல் வண்டியாக இருந்தால், ஒரு நாளைக்கு 40 கி.மீ. ஓட்டத்தில் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிஞ்சும், அவ்வளவுதான். டயரில் மிஞ்சும், 12 அங்குல டயருக்கும் 15 அங்குல டயருக்கும் பாதிக்குப் பாதி விலை வித்தியாசம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இரண்டுக்கும் ஒரே தொகைதான். வாடகைக்கு ஓடுகிற, மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள நாலு சக்கர சரக்கு வண்டிகளுக்கு 2022-இல் 16,049 ரூபாய் என்று வைத்தார்கள். வண்டிச் சேதத்துக்கான தொகைதான் விலையைப் பொறுத்து மாறும்.

ஆக மாதம் பதினாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது பெட்டி போகிற அந்த ஐந்து நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடித்தால், எங்கள் பக்கம் நடைக்கு ஆயிரத்தைந்நூறு வீதம் ஏழாயிரத்தைந்நூறு ஆகும். போக மீதி ஆறாயிரத்தைந்நூறு வீட்டில் நிற்கும். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுகிற மாதத்தில் அந்தப் பணம் என்ன பாடு என்று தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை விழுந்தால் டியூ குறையாது. மூன்று டியூ நின்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வண்டி போனது மட்டுமில்லை, முன்பணமாகக் கொடுத்த அம்மாவின் நகையும் சேர்ந்து போனது.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. "இவ்வளவு குறைஞ்சிருக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுப் பெருசா எடுங்க" என்று ஷோரூமில் சொல்கிறார்களாம். சின்ன வண்டிக்கும்தான் குறைந்திருக்கிறது. 2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் ப்ரோ, வரி குறைவதற்கு முன்பே 3.99 லட்சத்தில் தொடங்கியது, பாரம் அதே 750 கிலோ. மாருதி சூப்பர் கேரி, மஹிந்திரா ஜீத்தோ என்று இந்த அளவில் வேறு வண்டிகளும் உண்டு. ஷோரூமின் முன்வரிசையில் பெரியது நிற்கும். சின்னதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் அங்கத்திய பிக்கப் ஒன்றின் முன்னால் அவன் மகளை நிற்கவைத்துப் படம் அனுப்பினான். ஆறு வயதுப் பிள்ளையின் தலை பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அவள் தெரியவே மாட்டாள். முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் இடித்தால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் கூடுதல் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கண்டறிந்தது. அந்த நாட்டில் எரிபொருள் சிக்கன விதியே, வண்டி தரையில் அடைக்கும் இடம் பெரிதானால் தளர்வாக அமைந்ததால், சின்ன பிக்கப்பைச் செய்வது கம்பெனிகளுக்குக் கடினமாகிப் போனது. இன்று அங்கே 25 வருடம் பழைய ஜப்பானின் கெய் டிரக் என்ற குட்டி லோடு வண்டியைக் கப்பலில் இறக்குமதி செய்து பண்ணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். 660 சிசி, 3.4 மீட்டர் நீளம். நம் குட்டி யானையைவிடச் சின்னது. அவர்கள் தேடிப்பிடித்து வாங்குவது நம் ஷோரூமில் புதிதாகவே கிடைக்கிறது.

சின்ன வண்டிக்காக இவ்வளவு பேசுகிற நான், அதை வைத்திருக்கிறவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றாதீர்கள். பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை போட்டுத் தரச்சொல்லி மாதம் நாலு பேர் வருகிறார்கள். நான் போடுவதில்லை. பட்டை போட்டால் வண்டி குனியாது, உண்மைதான். ஆனால் பிரேக் அதே பிரேக். அசலான ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. அதை நிறுத்துவதற்குச் செய்த டிரம்மும் பேடும் இரண்டே கால் டன்னை நிறுத்தாது. ஒருமுறை அப்படி ஓடிய வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றினேன். டிரம் நீலம் பூத்துக் கிடந்தது, லைனிங் கருகிப் பொடியாக உதிர்ந்தது. அந்த அண்ணன் அன்று காலைதான் அதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000.

எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். வருவதில் ஓட்டுநரும் கூட வருகிற லோடுமேனும் அடக்கம். இருவர் உட்கார்ந்தாலே நூற்றைம்பது கிலோ போய்விடும். கழித்து 745 கிலோ வருகிற வண்டியில் சரக்குக்கு மிஞ்சுவது 600-க்கும் கொஞ்சம் கீழேதான்; அந்தத் தம்பியின் நாற்பது பெட்டிக்கே லோடுமேன் இல்லாமல் ஓட்டுநர் மட்டும் போக வேண்டும். இதை முதல்முறை கேட்கிறவர்கள் எல்லோருமே திகைக்கிறார்கள்.

பெரிய பிக்கப்பே வேண்டியவர்களும் இருக்கிறார்கள். தாண்டிக்குடி, பாச்சலூர் மலையிலிருந்து தினம் ஒரு டன்னுக்கு மேல் வாழைத்தார் இறக்குகிறவருக்குக் குட்டி யானையைச் சொல்ல மாட்டேன். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலேயே முனகி, கிளட்ச் பிளேட்டை வருடத்துக்கு இரண்டு மாற்றவேண்டி வரும். கேரளாவுக்கு இரவு லோடு அடிக்கிறவருக்கும் பெரியதுதான் சரி. நீண்ட ஓட்டம் ஓடுவதால் முதலில் சொன்ன டி.பி.எஃப். தொல்லையும் அவருக்கு வராது. அவர்கள் ஒன்றை மட்டும் பார்த்து வாங்கட்டும்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு 66-ஆம் பிரிவின்படி பர்மிட் வேண்டாம். ஒரே கம்பெனியின் பிக்கப்பிலேயே சில மாடல் இந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும், சில வெளியே போகும்.

வாங்குகிற எண்ணம் இருந்தால் மூன்று வாரம் பொறுங்கள். வாடகை வண்டியில் சரக்கு போகிறபோதே ஒவ்வொரு நடைக்கும் எடைமேடையில் சீட்டுப் போட்டு, ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். பதினைந்து இருபது சீட்டு சேரட்டும். ஒரே ஒரு நாள் வந்த பெரிய எடையை விட்டுவிட்டு, பெரும்பாலான நாள் எவ்வளவு என்று பாருங்கள். அந்த நோட்டோடு ஷோரூமுக்குப் போங்கள். எங்கள் பட்டறைக்கு வந்தாலும் நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்வேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

அந்தத் தம்பியின் பிக்கப்புக்கு ஆயில் மாற்றி, ஸ்கேனர் போட்டு டி.பி.எஃப். கரியை எரித்தோம். கடனை முன்கூட்டியே அடைத்து வண்டியை விற்றால் கையை விட்டு இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் என்று கணக்கு வந்தது. அதனால் விற்க வேண்டாம் என்றேன். இப்போது வாரம் மூன்று நாள் பாலக்காட்டுக்கு முருங்கை லோடு வாடகைக்குப் போகிறான். நீண்ட ஓட்டம் என்பதால் மஞ்சள் விளக்கும் திரும்ப எரியவில்லை. தக்காளிக்கு, அவன் அப்பா தோட்டத்து வேப்பமரத்தடியில் இரண்டு வருடமாக நிறுத்தி வைத்திருந்த 2012 மாடல் குட்டி யானையைக் கட்டி இழுத்து வந்தார்கள். பெட்டிக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. என்ஜினை இறக்கி ரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் மாற்றி, பிரேக் லைனிங் புதிதாகப் போட்டிருக்கிறேன். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை காட்டுவதற்குக் கொண்டுபோகிறோம். நீல பெயிண்ட் அவன் அப்பாவே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.