கலாச்சாரப் பாதுகாப்பாம்!

தஞ்சைப் பக்கம் செவிலியர் பயிற்சிக்கென்று அச்சிட்ட கையேடு ஒன்றில், 'பூர்வகுடியினருக்குக் கலாச்சாரப் பாதுகாப்புடன் சிகிச்சை அளிக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறார்கள். கருத்தரங்கு அழைப்பிதழ், செய்திக்குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே தொடர்தான். படிப்பவருக்கு என்ன தோன்றும்? பூங்காவில் காதலர்களை விரட்டும் கலாச்சாரக் காவலர்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டார்கள் என்றுதான்.

மூலச் சொல்லான 'கல்ச்சுரல் சேஃப்டி' நியூசிலாந்தில் பிறந்தது. 1980-களின் இறுதியில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனச் செவிலியர் வளர்த்தெடுத்தார். 1992-இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் பயிற்சி நெறிமுறைகளில் சேர்த்தது. மாவோரிகளுக்குத் தலை புனிதம். தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்வதோடு ராம்ஸ்டன் விடவில்லை. நர்ஸ் முதலில் தன் மனத்தில் இருக்கும் ஏளனத்தையும் கையில் இருக்கும் அதிகாரத்தையும் பார்க்கட்டும். சிகிச்சை சரியாக நடந்ததா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி என்றார்.

நம் மொழிபெயர்ப்போ இதைத் தலைகீழாக்குகிறது: காக்க வேண்டியது நோயாளியை, தொடரோ கலாச்சாரத்தைக் காக்கச் சொல்கிறது. வனப் பாதுகாப்பு என்றால் வனத்தைக் காப்பது, எல்லைப் பாதுகாப்பு என்றால் எல்லையைக் காப்பது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோதும், வயலைக் காக்கப் போகிறார்கள் என்றே நம் விவசாயிகள் புரிந்துகொண்டார்கள். 'சாலைப் பாதுகாப்பு என்றால் சாலையையா காக்கிறோம்?' என்று மடக்குவார்கள். இல்லைதான், ஆனால் அது பலகை பலகையாக எழுதிப் பழகிய தொடர். 'கலாச்சாரப் பாதுகாப்பு' வேறு ஆட்களுக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது.

தமிழாசிரியர் ஒருவர் 'பண்பாட்டு ஏமம்' என்கிறார். ஏமம் என்றால் காப்பு, குறளில் உள்ள நல்ல சொல். வார்டில் சொன்னால் ஏதோ ஏமாற்று வேலை என்பார்கள். 'கலாச்சார உணர்திறன்' என்பது கருவிக்குச் சொல்வது. பிறர் வழக்கம் அறிந்து நடப்பதைச் சொல்லக் கலித்தொகையிலேயே 'பாடறிந்து ஒழுகுதல்' இருக்கிறது. தலையணை விஷயத்துக்கு அது போதும்.

ராம்ஸ்டன் சொன்னதற்கு என் தேர்வு 'மானம் குன்றா மருத்துவம்'. பண்பாடு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வள்ளுவர், பிறந்த குடியின் பண்பைப் பேசும் குடிமை அதிகாரத்தை அடுத்தே மானத்தை வைத்து, 'இன்றியமையாச் சிறப்பின ஆயினும் குன்ற வருப விடல்' என்று தொடங்குகிறார்; இல்லாமல் முடியாததே ஆனாலும் மானம் குறைய வருவதை விட்டுவிடு என்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை இன்றியமையாததுதான். ஆனால் பாசிமணி போட்ட நரிக்குறவப் பெண் வெளிநோயாளர் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நகர்ந்தால், மாத்திரைச் சீட்டை நர்ஸ் எட்ட நின்று நீட்டினால், அடுத்த மாதம் அவர் எதற்கு வர வேண்டும்? ஒரு நாள் காய்ச்சல் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு ஆயுள் முழுக்க அதே வரிசையில் நிற்க வேண்டும்.

அதே கையேட்டில் சர்க்கரையை 'நாள்பட்ட நோய்' என்கிறார்கள். நாள்பட்ட புண் என்றால் கவனிக்காமல் விட்டது என்று பொருள். பழியை நோயாளி தலையிலேயே கட்டுகிறது. 'நீடித்த நோய்' என்றால் என்ன குறைந்துவிடும்? அச்சுக்குப் போகுமுன் வார்டில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டியிருக்கலாம்.